கடிகாரத்துக்கு அடங்காத சில்லுகள்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை, கோட்டைக்குப்பம்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று கேட்ட மலர்க்குழு நண்பர்கள், "கவிதை மட்டும் வேணாம்பா, ஏற்கெனவே நாப்பது வந்து கெடக்கு" என்றார்கள். நல்லதாய்ப் போயிற்று, எனக்குக் கவிதை வராது. ஆனால் மூன்று வருடமாக மனசுக்குள் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களும் படிக்கும்படி எழுதப் பார்க்கிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளவும்.

டிஜிட்டல் சர்க்யூட் என்றாலே ஒரு கிளாக் இருக்கும், அது டிக் டிக்கென்று அடிக்கும், ஒவ்வொரு அடிக்கும் எல்லா ஃப்ளிப்-ஃப்ளாப்பும் ஒன்றாகத் திரும்பும். நமக்குச் சொல்லித் தருவது இதுதான். ஆனால் இன்று வெளிவரும் பெரிய சில்லுகளில் ஒரே ஒரு கிளாக்கை வைத்து முழுவதும் ஓடுவதைப் பார்ப்பது அரிது. பல கிளாக்குகள் இருக்கும். சிலவற்றில் கிளாக்கே இல்லாத பகுதிகளும் இருக்கும். இப்படி சிங்க்ரனஸும் அசிங்க்ரனஸும் கலந்த சில்லை வடிவமைக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் எவ்வளவு தூரம் ஒப்படைக்கலாம்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளாக்கின் எல்லைக்குள் உள்ள வேலையை முழுசாகவே ஒப்படைக்கலாம். எல்லை எங்கே என்று சொல்லும் வேலையை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. அந்த எல்லையைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு பாரா படித்துவிட்டு நாம் டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியே போகிறோமே, அது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

கிளாக் ஏன் வேண்டும்? கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபம். ஒருவர் குரல் கொடுப்பார், கயிறு பிடித்த அத்தனை பேரும் அந்தக் குரலுக்கு ஒன்றாக இழுப்பார்கள். யார் பலசாலி, யார் நோஞ்சான் என்ற விசாரணையே வேண்டாம். குரலுக்கும் அடுத்த குரலுக்கும் இடையில் மெதுவான ஆளுக்கும் மூச்சு வாங்க நேரம் இருந்தால் போதும். ஆனால் கயிறு நீளமாகிவிட்டால்? சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 170 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் குரல் அரை நொடி கழித்துத்தான் கேட்கும், அவர் தனியாக இழுப்பார். சில்லுக்குள் இதற்குப் பெயர் 'ஸ்க்யூ'. ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு துடிப்புக்கு ஒரு நானோ நொடி. அதற்குள் வெளிச்சமே 30 சென்டிமீட்டர்தான் போகும், சில்லின் மெல்லிய கம்பியில் சிக்னல் அதைவிட ரொம்ப மெதுவு. எல்லா மூலைக்கும் கிளாக்கை ஒரே நேரத்தில் கொண்டு சேர்க்க மரம் மாதிரி கிளை பிரித்து, வழியெல்லாம் பஃபர் போட்டு, மின்சாரத்தில் கணிசமான பங்கை அதற்கே செலவழிக்கிறார்கள்.

அசிங்க்ரனஸ் முறையில் பொதுக் குரல் கிடையாது. கூடை கைமாற்றுகிற மாதிரி. "இந்தா", "வாங்கிட்டேன்", "கைய எடுத்துட்டேன்", "சரி, அடுத்தது குடு". ரெக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் இரண்டும் ஏறி இறங்கும் இந்த நாலு கட்டத்துக்கு 'ஹேண்ட்ஷேக்' என்று பெயர். இதை நாம் படித்ததே இல்லை என்று நினைக்காதீர்கள். 8255 சில்லின் மோட்-1 படம் ஞாபகம் இருக்கிறதா? எஸ்.டி.பி., ஐ.பி.எஃப்., ஓ.பி.எஃப்., அக் என்று நான்கு கோடு போட்டு மனப்பாடம் செய்தோமே, அதே சமாச்சாரம்தான். 8085-ல் ரெடி பின் இருப்பதும் மெதுவான மெமரி "கொஞ்சம் இருப்பா" என்று சொல்வதற்கே. மார்க்குக்காகப் படம் போட்டோம். ஏன் அந்தப் படம் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

நம்ம லேப்பில் 'அசிங்க்ரனஸ் கவுன்ட்டர்' என்ற பெயரில் 7493 வைத்துச் செய்தோமே, அது வேறு. அது ஹேண்ட்ஷேக் எதுவும் இல்லாத, வெறுமனே ஒன்று மற்றொன்றைத் தட்டிவிடும் ரிப்பிள் கவுன்ட்டர். 7-லிருந்து 8-க்குப் போகும்போது அது நேராகப் போகாது. 7, 6, 4, 0, அப்புறம்தான் 8. கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் நடந்து முடிந்துவிடும் இந்தச் சின்னப் பொய்தான் பின்னால் பெரிய சில்லுகளில் பெரிய பொய்யாக வருகிறது.

கிளாக் இல்லாத சிந்தனை புதுசும் இல்லை. பிரின்ஸ்டனில் 1952-ல் ஓடத் தொடங்கிய ஐ.ஏ.எஸ். கம்ப்யூட்டரே பொதுக் கிளாக் இல்லாமல் ஓடியதுதான். 1950களில் டேவிட் முல்லர் கொடுத்த 'சி-எலிமென்ட்' இன்றும் இந்தத் துறையின் செங்கல். இரண்டு உள்ளீடும் 1 ஆனால் 1, இரண்டும் 0 ஆனால் 0, மற்ற நேரத்தில் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். 1989-ல் கால்டெக்கில் அலெய்ன் மார்ட்டின் குழு முதல் அசிங்க்ரனஸ் மைக்ரோபிராசஸரைக் காட்டியது. அதே வருடம் ஐவன் சதர்லாண்ட் டூரிங் பரிசு உரையாக 'மைக்ரோபைப்லைன்ஸ்' எழுதினார். மான்செஸ்டரில் ஸ்டீவ் ஃபர்பர் குழு 1994-ல் ஆம்யூலெட் என்று கிளாக் இல்லாத ஆர்ம் பிராசஸரையே செய்து காட்டியது.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லோரும் அதற்கு மாறவில்லை? டூல்! பதில் பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். 1980களின் நடுவில் வெரிலாக் மொழி வந்தது. அதைக் கொண்டுவந்த கேட்வே கம்பெனியைத் தொடங்கியவர் நம் நாட்டில் படித்துப் போன பிரபு கோயல். 1986-ல் சினாப்சிஸ் வந்தது. மொழியில் எழுதினால் கேட்டாக மாற்றித் தரும் சிந்தசிஸ் புழக்கத்துக்கு வந்தது. இந்த முழுக் கட்டடமும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப்புக்கு நடுவில் உள்ள லாஜிக், ஒரு கிளாக் அடிக்குள் முடிந்துவிட வேண்டும். அவ்வளவுதான். நடுவில் எத்தனை கிளிட்ச் வந்தாலும் பரவாயில்லை, விளிம்பு வரும்போது அடங்கியிருந்தால் சரி. இந்த நம்பிக்கை இருப்பதால்தான் கோடிக்கணக்கான கேட்டுகளைக் கம்ப்யூட்டரால் தானாக அடுக்க முடிகிறது.

அதே டூலிடம் அசிங்க்ரனஸ் சர்க்யூட்டைக் கொடுத்துப் பாருங்கள். கார்னா மேப்பில் ஹசார்ட் வராமலிருக்க ஒரு டெர்ம் கூடுதலாகச் சேர்ப்போமே (ஏபி-யோடு ஏ-பார் சி இருந்தால் பிசி-யையும் சேர்ப்பது), அதை "இது தேவையில்லாத கேட்" என்று டூல் கழற்றி எறிந்துவிடும். கணித விடையில் அது குற்றமில்லை. சர்க்யூட்தான் செத்துப்போகும். சி-எலிமென்ட்டில் வெளியீடு உள்ளே திரும்பி வருகிறது. டூலுக்கு அது 'லூப்', எங்கோ ஓரிடத்தில் வெட்டிவிட்டுத்தான் டைமிங் பார்க்கும். டெஸ்ட் செய்யும் ஸ்கேன் செயினுக்கும் கிளாக் வேண்டும். ஆக, கிளாக் இல்லாத பகுதியைச் செய்கிறவன் ஊருக்கு வெளியே குடிசை போட்ட மாதிரிதான், எல்லாம் கையால்.

இதற்குச் சிலர் நல்ல வழி கண்டார்கள். பிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் கீஸ் வான் பெர்கெல் குழு டேங்க்ராம் என்ற மொழியைச் செய்தது. அதில் எழுதினால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு ஹேண்ட்ஷேக் துண்டாக மாறிவிடும். அப்படிச் செய்த சில்லு 1990களின் பிற்பகுதியில் பேஜர்களில் போனது. ரேடியோவுக்குப் பக்கத்தில் கிளாக் அடிக்காததால் இரைச்சல் குறைவு, அதுதான் லாபம். மான்செஸ்டரில் பால்சா என்று அதே வழியில் இன்னொரு மொழி. இன்னும் ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கோர்ட்டடெல்லா, கொண்ட்ராட்யெவ், லவாக்னோ, சோட்டிரியு நால்வரும் 2006-ல் எழுதிய 'டீசிங்க்ரனைசேஷன்'. வழக்கமான கிளாக் சர்க்யூட்டாகவே முதலில் செய்துகொள். பிறகு ஃப்ளிப்-ஃப்ளாப்பை இரண்டு லாட்ச்சாகப் பிரி, கிளாக் மரத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஹேண்ட்ஷேக் கன்ட்ரோலர்களைப் போடு. லாஜிக்குக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு தாமதம் தரும் ஒரு கேட் வரிசையை ரெக்வெஸ்ட் கம்பியில் வை. எல்லாம் தானாக! வடிவமைப்பவர் புதிதாக எதுவும் படிக்க வேண்டாம்.

ஆனால் முழுக்க அசிங்க்ரனஸ் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பிட்டுக்கு இரண்டு கம்பி இழுக்கும் டூயல்-ரெயில் முறையில் இடம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஹேண்ட்ஷேக்குக்கும் நேரம் ஆகும். சின்னப் பகுதிக்குள் கிளாக்கை அடிக்க இன்றைக்கும் ஆளில்லை. அதனால்தான் கலப்பு. உள்ளே அவரவர் கிளாக், வெளியே பேசும்போது ஹேண்ட்ஷேக். 1984-ல் ஸ்டான்ஃபோர்டில் டேனியல் சாப்பிரோ தன் ஆய்வேட்டில் இதற்குக் 'கால்ஸ்' என்று பெயர் வைத்தார்: உலகளவில் அசிங்க்ரனஸ், உள்ளூரளவில் சிங்க்ரனஸ்.

எங்கள் ஏரிக்காரர்களுக்கு இது ஒன்றும் புதுசில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிகுப்பம் மூன்று ஊருக்கும் 'பாடு' என்ற முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி இறாலுக்கு வலை கட்டும் நல்ல இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. யாருக்கு எப்போது எந்த இடம் என்பது முன்கூட்டியே முடிவான கணக்கு. ஆனால் ஏரி முழுக்க அப்படியில்லை. கையால் தடவிப் பிடிப்பவர், வீச்சுவலை வீசுபவர் எல்லாம் அவரவர் நேரத்துக்குப் போவார்கள். பாட்டுக்குள் சண்டை வருவது குறைவு. பாடு உள்ள தொழிலும் பாடு இல்லாத தொழிலும் ஒரே தண்ணீரில் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் சண்டை.

சில்லிலும் அதே இடத்தில்தான் சண்டை. 7474-ன் டேட்டா ஷீட்டைப் பாருங்கள். கிளாக் விளிம்புக்கு முன்னால் 20 நானோ நொடி, பின்னால் 5 நானோ நொடி டேட்டா அசையாமல் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். வேறொரு கிளாக்கிலிருந்து வரும் டேட்டாவுக்கு இந்த விளிம்பு எப்போது வரும் என்றே தெரியாது. என்றாவது ஒருநாள் சரியாக அந்த நேரத்தில் மாறும். அப்போது ஃப்ளிப்-ஃப்ளாப் 0-வும் இல்லாமல் 1-உம் இல்லாமல் நடுவில் நிற்கும். கூரையின் முகட்டில் உட்கார்ந்த பந்து மாதிரி. ஏதோ ஒரு பக்கம் உருளும், ஆனால் எப்போது உருளும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதுதான் மெட்டாஸ்டபிலிட்டி. சேனி, மோல்னார் இருவரும் 1973-ல் ஆஸிலாஸ்கோப் படத்தோடு இதைக் காட்டினார்கள். இதை அடியோடு ஒழிக்க முடியாது. அபூர்வமாக்கத்தான் முடியும்.

எவ்வளவு அபூர்வம்? நானே சில எண்களை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். கிளாக் 500 மெகாஹெர்ட்ஸ், டேட்டா நொடிக்கு 5 கோடி தடவை மாறுகிறது, ஃப்ளிப்-ஃப்ளாப்பின் இரண்டு மாறிலிகளும் ஆளுக்கு 50 பிகோ நொடி. முடிவெடுக்க அரை நானோ நொடி மட்டும் கொடுத்தால் நொடிக்கு 57 தடவை தப்பு நடக்கும். இன்னொரு ஃப்ளிப்-ஃப்ளாப்பைத் தொடர்ந்து போட்டு, 2 நானோ நொடி, அதாவது ஒரு முழு கிளாக், கொடுத்தால்? ஏறக்குறைய 6,000 வருடத்துக்கு ஒரு தடவை! நாலு மடங்கு நேரத்துக்கு இவ்வளவு வித்தியாசம். கதை இங்கே முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு சில்லில் அப்படி ஆயிரம் எல்லை இருந்து, ஒரு லட்சம் சில்லு விற்றிருந்தால், எங்கேயோ யாரோ ஒருவரிடம் அரை மணி நேரத்துக்கு ஒரு தப்பு. அது டி.வி.யில் ஒரு புள்ளியாகவும் போகலாம், ஆஸ்பத்திரியில் ஒரு மெஷினாகவும் இருக்கலாம்.

இப்போது டூல் என்ன செய்கிறது பாருங்கள். சிமுலேஷனில் 0, 1, எக்ஸ் மாதிரி மதிப்புகள்தான், முகட்டில் நிற்கும் பந்துக்கு அங்கே இடமில்லை. டைமிங் பார்க்கும் டூலிடம் "இந்த இரண்டு கிளாக்கும் சம்பந்தமில்லாதவை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், இரண்டுக்கும் நடுவில் போகும் அத்தனை பாதையையும் பார்க்காமல் விட்டுவிடும். சிவப்பெல்லாம் பச்சையாகிவிடும். எல்லாம் பாஸ்! எந்த இடத்தில் ஆபத்தோ அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி நாமே எழுதிக் கொடுக்கிறோம்.

இதற்கென்று தனியாக எல்லை தேடும் டூல்கள் உண்டு, ஸ்பைகிளாஸ் மாதிரி. நல்ல டூல்கள்தான். ஆனால் ஒவ்வொரு பிட்டுக்கும் தனித்தனியாக இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப் போட்டுவிட்டால் மட்டும் போதாது. 0111 என்பது 1000 ஆகும்போது நான்கு பிட்டும் மாறுகிறது. ஒன்று இந்த அடியில் வரும், இன்னொன்று அடுத்த அடியில் வரும். நடுவில் ஒரு துடிப்புக்கு 0-விலிருந்து 15 வரை எது வேண்டுமானாலும் படிக்கப்படலாம். கிரே கோடில் எண்ணினால் 0100-லிருந்து 1100, ஒரே ஒரு பிட்தான் மாறும். பழையதைப் படித்தாலும் புதியதைப் படித்தாலும் இரண்டும் உண்மை. பெல் லேப்ஸில் இருந்த ஃபிராங்க் கிரேக்கு 1953-ல் கிடைத்த பேட்டன்ட். நாம் அதைப் பைனரியிலிருந்து மாற்றும் இரண்டு மார்க் கேள்வியாக மட்டும் தெரிந்து வைத்திருக்கிறோம்! அந்த பஸ் ஒரு எண்ணிக்கையா, இல்லை சம்பந்தமில்லாத பிட்டுகளா, மேலே போகிறவன் அதை எப்போது படிப்பான் என்பதெல்லாம் வடிவமைத்தவர் மனசில் இருக்கும் சங்கதி. அதை அவர் சொன்னால்தான் டூல் சரிபார்க்க முடியும்.

சொல்ல வைப்பதில்தான் நம் சென்னை வழி எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் காமகோடி குழு செய்த சக்தி பிராசஸர் புளூஸ்பெக் என்ற மொழியில் எழுதப்பட்டது. எம்.ஐ.டி.யில் இருந்த அர்விந்த் அவர்களின் ஆராய்ச்சியிலிருந்து வந்த மொழி. 2018-ல் இந்தச் சில்லை இன்டெல் 22 நானோமீட்டரில் அடித்துக் கொடுத்தது. பிறகு மொகாலியில் உள்ள எஸ்.சி.எல்.லில் 180 நானோமீட்டரிலும் செய்தார்கள். அந்த மொழியில் கிளாக் என்பதே ஒரு வகை. ஒரு கிளாக்கில் ஓடும் துண்டை வேறொரு கிளாக்கில் ஓடும் துண்டோடு நேரடியாக இணைத்தால் கம்பைல் ஆகாது. "நடுவில் சிங்க்ரனைசர் போடு, எந்த மாதிரி என்று சொல்" என்று நிற்கும். டூல் கண்ணை மூடிக்கொள்வதில்லை, கையைப் பிடிக்கிறது. தானியங்கி வடிவமைப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பேன். சக்தியின் வழியில் வந்த ஐரிஸ் என்ற சில்லை விண்வெளித் துறைக்காகச் செய்து முடித்ததாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். எங்கள் ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் போகும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று எங்களுக்கு அறிவிப்பு வரும். அந்த ராக்கெட் பக்கமாக நம்ம ஊர்ச் சில்லு நகர்வது எனக்குத் தனி சந்தோஷம்.

பெரிய அளவிலும் கலப்புதான். ஐ.பி.எம். 2014-ல் வெளியிட்ட ட்ரூநார்த் சில்லில் 540 கோடி டிரான்சிஸ்டர், 4096 கோர். நியூரான் கணக்கு சிங்க்ரனஸ், கோர்களுக்கு நடுவில் செய்தி போவது அசிங்க்ரனஸ். சுமார் 70 மில்லிவாட்டில் ஓடியது, ஒரு சின்ன எல்.ஈ.டி. எரிவதைப் போல. அதைச் செய்தவர்களுக்குக் கடையில் கிடைத்த டூல்கள் போதவில்லை. சொந்தமாகவும் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. ஐ.பி.எம்.முக்கே அந்தக் கதி!

"டூல் வந்தா நம்ம வேலை போயிடும்" என்று நம் வகுப்பில் சிலர் பயப்படுகிறார்கள். இப்போது கம்ப்யூட்டரிடம் தமிழில் கேட்டால்கூட வெரிலாக் எழுதித் தருகிறது, சிமுலேஷனில் பாஸும் ஆகிறது. உண்மைதான். உள்ளே இருக்கும் லாஜிக்கை எழுதுவது மட்டுமே தெரிந்தவருக்குப் பயப்பட நியாயம் உண்டு. ஆனால் சிமுலேஷனில் பாஸாகிப் போர்டில் எப்போதோ ஒரு தடவை தப்புச் செய்வதைக் கண்டுபிடிக்கிற ஆளுக்கு எப்போதும் தேவை இருக்கும். டெஸ்டிங் பெஞ்சில் உட்காரப்போகிறவர்களில் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் நிறைய. அந்தத் தப்பை முதலில் பார்க்கப்போவது நாம்தான். 'லூஸ் கனெக்ஷன்' என்று எழுதி மூடிவிடுவோமா, எல்லையில் தேடுவோமா?

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. நம்ம லேப்பிலேயே 7474 இருக்கிறது, ஃபங்ஷன் ஜெனரேட்டர் இரண்டு இருக்கிறது. ஒன்றை 1 மெகாஹெர்ட்ஸில் வைத்து டி-யில் கொடுங்கள். இன்னொன்றை அதற்கு ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்து கிளாக்கில் கொடுங்கள். வெளியீட்டில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சுமார் ஒரு கிலோஹெர்ட்ஸ் அலை, மெதுவாக வரும். அதன் விளிம்பை சி.ஆர்.ஓ.வில் விரித்துப் பாருங்கள். ஒரே தடவையில் திரும்பாமல் இப்படியும் அப்படியும் தத்தளிக்கும். முழு மெட்டாஸ்டபிலிட்டியைப் பார்க்க இன்னும் நல்ல ஸ்கோப் வேண்டும். ஆனால் ஃப்ளிப்-ஃப்ளாப்பால் முடிவு செய்ய முடியாத இடம் ஒன்று உண்டு என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். புளூஸ்பெக் கம்பைலர் 2020 முதல் இலவசம். யோசிஸ், ஓப்பன்ரோட் இரண்டும் இலவசம். யேல் பல்கலைக்கழகத்தில் செய்த ஆக்ட் என்ற அசிங்க்ரனஸ் டூல்களும் இலவசம்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் டிஜிட்டல் லேப் பூட்டியே கிடக்கிறது. அந்த மூன்று மணி நேரத்துக்குச் சாவியும் ஆறு கம்ப்யூட்டரும் கேட்டு, பேரவை சார்பில் துறைத் தலைவருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை பதினோரு கையெழுத்து விழுந்திருக்கிறது. போட விரும்புகிறவர்கள் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஜன்னலோரக் கடைசி பெஞ்சில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டுக்காரர்கள் முதலில் வந்தால் நல்லது, எங்களுக்கு இன்னும் ஒரு செமஸ்டர்தான் பாக்கி.